வெள்ளிக்கிழமைப் பலகை

வெள்ளிக்கிழமைகளில் மாலை மூன்றரை மணி ஆனதும் ஆக்கன்ஷா ஊர் பஸ் டிப்போவின் பணிமனையில் வேலை நின்றுவிடும். கெட்டில் கொதிக்கத் தொடங்கும். மெக்கானிக்குகள் பதினொரு பேரும் கைகளைக் கந்தையில் துடைத்துக்கொண்டு, உடைத்த பஸ்களிலிருந்து பெயர்த்தெடுத்த பழைய இருக்கைகளில் வந்து அமர்வார்கள். அவர்களுக்கு எதிரே சுவரில் ஒரு கரும்பலகை. அதன் பக்கத்தில் சாக்பீஸும் கையுமாக மேஸ்திரி நாரிஸ் ஆக்டன் நிற்பார். அந்த வாரம் எவன் எதைச் சொதப்பினான் என்பதைச் சொதப்பியவனே எழுந்து சொல்ல வேண்டும். அதற்கு என்ன பட்டம் தகும் என்பதை மற்றவர்கள் கூச்சல் போட்டு முடிவு செய்வார்கள்.

பட்டங்களில் படிநிலை உண்டு. சின்னத் தவறு என்றால் கொத்துக்கறி. அதைவிடச் சற்றுப் பெரியது ஹார்லிக்ஸ். பார்க்கச் சகிக்காத வேலைக்கு நாயின் சாப்பாடு என்று பெயர். சரிசெய்யப் போய் இன்னும் கெடுத்து வைத்தால் பன்றியின் காது. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. அது சேவலின் பெயரில் தொடங்கும் கொச்சைச் சொல் என்பதால் எழுத்தில் எழுதமாட்டார்கள், ஒரு சேவலின் படத்தை மட்டும் போடுவார்கள். தரை கூட்ட வரும் டிலிஸ் அதைப் பார்த்துவிட்டு, "யாரு கண்ணு இந்த வாரம் சேவல் வளக்கறது?" என்று கேட்பாள். அந்த வாரம் பெரிய பட்டம் வாங்கியவன் அடுத்த வாரம் முழுவதும் நாய்க்குச் சோறு வைக்கும் எனாமல் தட்டில்தான் தேநீர் குடிக்க வேண்டும்.

விளையாட்டுப் போலத் தோன்றினாலும் அது நாரிஸ் யோசித்துச் செய்த ஏற்பாடு. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, தன் தவறைத் தானே போய் ஒப்புக்கொண்ட ஒருவனை அப்போதைய மானேஜர் அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு ஓராண்டுக் காலம் பணிமனையில் யாருமே தவறு செய்யவில்லை. அதாவது, எல்லாரும் ஒளித்தார்கள். விரிசல் விட்ட ஸ்பிரிங்குகள் மேல் கிரீஸ் பூசப்பட்டது. அப்போதுதான் நாரிஸ் மேஸ்திரியானார். பலகையைக் கொண்டுவந்து மாட்டினார். சட்டம் ஒன்றே ஒன்றுதான் போட்டார். வெள்ளிக்கிழமை சொன்னது ஆபீஸ் படி ஏறாது. நான்கு மணிக்குப் பலகையை அழித்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது, திங்கட்கிழமை எவனும் அதைப் பேசக்கூடாது. பேசவும் இல்லை.

இந்தப் பெயர்களில் ஒரு விசித்திரம் உண்டு. நாய் இருக்கும், பன்றி இருக்கும், சேவல் இருக்கும், நறுக்கிய கறியும் காய்ச்சிய பாலும்கூட இருக்கும். தவறு செய்த ஆள் மட்டும் இருக்கமாட்டான். அவன் அந்த விலங்குகளின் கால்களுக்கிடையில் நழுவிப் போய்விடுவான். அப்படி நழுவ விடுவதைக் கருணை என்றுதான் நாரிஸ் எண்ணியிருந்தார். பல ஆண்டுகள் அது கருணையாகவே இருந்தது.

ஜனவரி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை வில்ஃப் சக்டன் எழுந்தான். நாற்பது வயது, மூன்று பிள்ளைகள், பணிமனையிலேயே வேகமான கை.

"நாப்பத்தேழாம் நம்பர் வண்டி," என்றான். "கைபிரேக் கம்பியக் கழட்டி மாட்டினேன். மாட்டிட்டுப் பாத்தா மூட்டு கழலாம இருக்கப் போடற ஸ்ப்ளிட் பின் இல்ல. ஸ்டோர்ல கேட்டா அவன் டப்பாவக் கவுத்துக் காட்டறான்."

"அதனால?"

"அதனால ஒரு ஆணியச் சொருகி மடக்கி விட்டுட்டேன். எங்க மாமியா போட்டோவ மாட்டச் சொல்லி என் பொண்டாட்டி குடுத்த ஆணி. பத்து நாளா பாக்கெட்லயே கெடந்துச்சு."

இருக்கைகள் அதிர்ந்தன.

"யோவ், ஆணியோட போட்டோவையும் சேத்து மாட்டிருக்கலாமேய்யா!"

"அந்தம்மா மொறச்சா பிரேக்கே வேணாம், வண்டி தானா நிக்கும்!"

"நிக்காது, பின்னாலயே ஓடிடும்!"

நாரிஸுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பலகையில் 'பன்றியின் காது: வில்ஃப்' என்று எழுதினார். கூச்சலுக்கு நடுவே வில்ஃப் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். "திங்கக்கெழம பின் வந்துரும் மேஸ்திரி, வந்தொடனே மாத்திடறேன்" என்றான். சொன்னது நாரிஸின் காதில் விழுந்தது.

வழக்கமாக, பலகையின் முன்னால் வரும் தவறுகள் ஏற்கெனவே சரிசெய்யப்பட்டவையாக இருக்கும். வெளியே எடுக்கக்கூடாத வண்டி என்றால் அதன் ஸ்டியரிங்கில் சிவப்பு அட்டை ஒன்றை மாட்டிவிடுவது மேஸ்திரியின் வேலை. அட்டைகள் அவருடைய முதுகுக்குப் பின்னால், கைக்கு எட்டும் தூரத்தில், கொக்கியில் தொங்கின. சொல்லிவிட்டோம், இனி மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று வில்ஃப் நினைத்தான். மேஸ்திரி எதையும் நினைக்கவில்லை. நான்கு மணிக்குப் பலகையை அழித்தார். அழித்ததும், இருபது ஆண்டுப் பழக்கத்தின்படி, ஆணியும் அழிந்துபோயிற்று.

திங்கட்கிழமை வில்ஃபுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு நாற்பத்தேழாம் வண்டி சேப்பல் ஹில் உச்சியில், கடைசி நிறுத்தத்தில் நின்றது. ஓட்டுநர் ஆர்னல்ட் பிக்கர்டைக், பயணிகள் இறங்கிய பிறகு, எஞ்சினை ஓடவிட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போனார். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. திரும்பி வந்தபோது வண்டி அங்கே இல்லை. அது சரிவில் நூறு கஜம் இறங்கி, அஞ்சலகச் சுவரில் மோதி நின்றிருந்தது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே மேவிஸ் டாட்டர்ஸல் என்ற பெண்மணி இருந்தார். பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவர், ஐம்பத்திரண்டு வயது. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொள்வதற்காகத்தான் அங்கே நின்றிருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

செய்தி பணிமனைக்கு வந்தபோது நாரிஸ் கேட்ட முதல் கேள்வி, "எந்த வண்டி?" என்பதுதான். பதில் வந்ததும் அவர் உட்கார்ந்துவிட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிற்பகல் வேலைக்குத் திரும்பியபோது பலகையைக் காணோம். யார் கழற்றியது என்று அவர் கேட்கவில்லை.

அரசாங்க வண்டிப் பரிசோதகர் வந்து, நொறுங்கிக் கிடந்த அடிப்பாகத்தை இரண்டு நாள் ஆராய்ந்தார். கைபிரேக் மூட்டின் இணைப்பு கழன்றிருந்தது. மோதுவதற்கு முன்னால் கழன்றதா, மோதியதால் கழன்றதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதினார். ஆணி கிடைக்கவில்லை. அப்படியானால் மிஞ்சியது ஓட்டுநர்தான். ஆர்னல்ட் கைபிரேக்கை இழுக்கவே இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மரண விசாரணை முடிந்ததும் போலீஸ் வழக்குப் போடும் என்றார்கள், போட்டால் சிறைதான்.

மானேஜர் பென்ஹேல் நாரிஸைத் தம் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"உக்காருங்க நாரிஸ். உங்களுக்கு ஓய்வு வயசு எப்போ?"

"அடுத்த வருஷம் ஏப்ரல்."

"நல்லது. விசாரணையில உங்களையும் கூப்புடுவாங்க. பராமரிப்பு ரிஜிஸ்டர் சரியா இருக்கு, கையெழுத்தெல்லாம் இருக்கு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வெள்ளிக்கெழம டீ குடிக்கறப்ப உங்காளுங்க என்ன பேசிக்குவாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியணும்னும் இல்ல. எங்கயோ ஒரு குளறுபடி நடந்துபோச்சு, அவ்வளவுதான்."

நடந்துபோச்சு. அந்தச் சொல்லின் வழுவழுப்பை நாரிஸ் அப்போதுதான் கவனித்தார். அவர்கள் பணிமனையில் பேசும் பாஷைக்கு மானேஜர் கோட்டுப் போட்டு விட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாரிஸ், வில்ஃபைத் தேடிப் போனார். அவன் வீட்டுக் கொல்லையில் புறாக் கூண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வில்ஃப், நாம போய்ச் சொல்லிடணும்."

"நாமளா? ஆணி வச்சவன் நானு. நீங்க என்னத்தச் சொல்லப் போறீங்க?"

"நீ என்கிட்ட சொன்னதச் சொல்லுவேன்."

வில்ஃப் கரண்டியைக் கீழே வைத்தான். "வெள்ளிக்கெழம சொன்னது ஆபீஸ் படி ஏறாது. யார் போட்ட சட்டம் மேஸ்திரி? நானா போட்டேன்? அந்தச் சட்டத்த நம்பித்தான் வாயத் தொறந்தேன். ஒளிச்சிருந்தா இன்னிக்கி உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. நெசத்தச் சொன்னதுக்கா என்னைய உள்ள தள்ளப் போறீங்க?"

"ஆர்னல்ட உள்ள தள்ளப் போறாங்கடா."

"அவருக்கு முப்பது வருஷ சர்வீஸ். சும்மா எச்சரிச்சு விட்டுருவாங்க." அவன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "மூணு பிள்ளைங்க மேஸ்திரி. கடைசிக் குட்டிக்கு நாலு வயசு. திங்கக்கெழமன்னு உங்ககிட்ட சொன்னேனா இல்லியா? சொன்னேன்ல?"

"சொன்னே."

"கேட்டுச்சா?"

நாரிஸ் புறாக்களைப் பார்த்தார். "நீ சொன்னது கேட்டுச்சு" என்று சொல்ல நான்கு சொற்கள்கூட வேண்டாம். "ஒரே சத்தமா இருந்துச்சு" என்றார். அதைச் சொன்ன கணத்திலேயே, விசாரணையிலும் இதையே சொல்லிவிட்டால் போதும் என்ற எண்ணம் வந்தது. அது வந்த வேகம் அவரைப் பயமுறுத்தியது. பத்து பேர் சிரித்த சத்தம். அறுபத்து மூன்று வயதுக் காது. யார் மறுக்க முடியும்?

அடுத்த வாரம் அவர் ஆர்னல்ட் வீட்டுக்கும் போனார். பார்க்கின் என்ற இஞ்சிக் கேக் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார். ஏன் போகிறோம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. சொல்லிவிடத்தான் போகிறோம் என்று பாதி வழிவரை நம்பினார்.

ஆர்னல்ட் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்துகொள்ளவில்லை. மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது. அதன் கால் ஒன்று அவர் கைக்கு எட்டும்படி நின்றது.

"வா நாரிஸ், வா. எட்டிப் பாக்கற மொதல் ஆள் நீதான். ஹில்டா மாடில படுத்திருக்கா, தூங்கறதே இல்ல பாவம்." தேநீர் ஊற்றினார். பிறகு நாற்காலியின் காலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். "இப்புடி. வண்டி நின்னதும் இப்புடி. முப்பத்தொரு வருஷமா இதே இழுப்புதான்."

"போலீஸ்ல சொல்லிட்டல்ல? பின்ன என்ன?"

"சொன்னேன். இழுத்தேன்னு அடிச்சுச் சொன்னேன். ஆனா அதுக்கப்புறம் யோசிச்சு யோசிச்சு..." அவர் மறுபடியும் இழுத்தார். "திங்கக்கெழமயும் அதே எடத்துல இழுத்தேன். சனிக்கெழமயும் இழுத்தேன். அந்த இழுப்பத்தான் செவ்வாக்கெழமன்னு சொல்லிக்கிட்டிருக்கேனோ? அன்னிக்கி ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு இருந்துச்சு, அது நல்லா ஞாபகம் இருக்கு. கை ஞாபகத்துல இல்ல. கண்ண மூடினா கை வரமாட்டேங்குது நாரிஸ்."

"கண்டதையும் போட்டுக் கொழப்பிக்காத."

"கொழப்பம் இல்ல. நாணயமா யோசிக்கறேன். உறுதியா தெரியலன்னு விசாரணையில சொல்லிடப் போறேன். ஒரு பொம்பள செத்துப்போயிருக்கா, அவ புருஷன் உக்காந்திருப்பான், அவன் முன்னால பொய் சொல்லவா?" ஆர்னல்ட் சிரிக்க முயன்றார். "உங்க பலகையில இந்த வாரம் சேவல் எனக்குத்தான், இல்ல?"

சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான தருணம் வரப்போவதில்லை என்று நாரிஸுக்குத் தெரிந்தது. தேநீர்க் கோப்பையை எடுத்தார், குடித்தார். "எல்லாம் சரியாயிடும்" என்றார். கேக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

மார்ச் ஒன்பதாம் தேதி, நகர மன்றத்தின் மாடியில் விசாரணை கூடியது. ஜூரிகள் எட்டுப் பேர். முன்வரிசையில் மேவிஸின் கணவர் டாட்டர்ஸல், கழுத்துப் பட்டனைக்கூடப் போட்டுக்கொண்டு, கைகளை முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். டிப்போக்காரர்கள் பின்னால் இருந்தார்கள், வில்ஃப் கதவோரமாக. பரிசோதகர் தம் அறிக்கையைப் படித்தார். பிறகு ஆர்னல்ட் கூண்டில் ஏறினார்.

"கைபிரேக்கை இழுத்தீங்களா, மிஸ்டர் பிக்கர்டைக்?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"இழுத்திருப்பேன்னு நெனைக்கறேன் ஐயா."

"போலீஸ்கிட்ட இழுத்ததா உறுதியா சொல்லியிருக்கீங்க."

"ஆமாங்க. இப்ப அப்புடிச் சொல்ல முடியல. மன்னிக்கணும்." அந்தக் கடைசிச் சொல்லை அவர் அதிகாரியைப் பார்த்துச் சொல்லவில்லை, முன்வரிசையைப் பார்த்துச் சொன்னார். ஜூரிகளில் இரண்டு பேர் எதையோ குறித்துக்கொண்டார்கள்.

அடுத்து நாரிஸை அழைத்தார்கள். விசாரணை அதிகாரி சளி பிடித்த, பொறுமையான மனிதர். பராமரிப்பு ரிஜிஸ்டர்களைப் பற்றி நான்கைந்து கேள்விகள் கேட்டார். நாரிஸ் பதில் சொன்னார். பென்ஹேல் சுவரோரமாக உட்கார்ந்து தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒண்ணு. அந்த வண்டியில ஏதாவது கோளாறு இருந்தது உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

ஒரே சத்தமாக இருந்தது என்ற வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொல்லக்கூட வேண்டியதில்லை. 'இல்லை' என்றாலே போதும். நாரிஸ் ஆர்னல்டைப் பார்த்தார். ஆர்னல்ட் கண்களை மூடி, வலது கையை மடியில் வைத்து, விரல்களை மெல்ல மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த வண்டியில... ஒரு பன்றியின் காது நடந்திருந்துதுங்க ஐயா," என்றார் நாரிஸ்.

பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் மூக்கால் சிரித்துவிட்டு, உடனே இருமினான். விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஜூரிகளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"வேல கொஞ்சம் சொதப்பலாயிடுச்சுங்க."

"தானா ஆச்சா? யாரு சொதப்பினது?"

இருபது ஆண்டுகளில் பலகையைப் பார்த்து யாரும் கேட்காத கேள்வி அது. நாரிஸின் பார்வை கதவோரத்துக்குப் போயிற்று. விசாரணை அதிகாரியின் குரல் தணிந்தது.

"மிஸ்டர் ஆக்டன், சட்டப்படி நான் ஒண்ணு சொல்லியாகணும். உங்க மேல குத்தம் வரக்கூடிய கேள்விக்கு நீங்க பதில் சொல்லித்தான் ஆகணும்னு கட்டாயம் இல்ல. வேணாம்னா விட்டுடலாம்."

பென்ஹேலின் தலை அசைந்தது. கதவோரமாக வில்ஃப் எழுந்து நின்றிருந்தான். கதவு திறந்தே இருக்கிறது, வேண்டுமானால் போய்விடலாம் என்று சட்டமே சொல்கிறது. இருந்தும் நாரிஸ் கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சொல்றேங்க ஐயா. வில்ஃப் சக்டன் கைபிரேக் மூட்டுல பின்னுக்குப் பதிலா ஒரு ஆணி வச்சான். வச்சத அந்த வெள்ளிக்கெழமையே என்கிட்ட சொல்லிட்டான். அவன் ஒளிக்கல. திங்கக்கெழமதான் மாத்துவேன்னும் சொன்னான். எனக்குக் கேட்டுச்சு. வண்டிய வெளிய விடாம நிறுத்த வேண்டியவன் நான். அதுக்கு ஒரு சிவப்பு அட்டை இருக்கு. எட்டி எடுத்தா போதும். நான் எடுக்கல."

"ஏன் எடுக்கல?"

அறையில் அவர் யாரையும் பார்க்கவில்லை. "சிரிச்சுக்கிட்டு இருந்தேங்க ஐயா," என்றார்.

சுருக்கெழுத்துப் பெண்ணின் பென்சில் அதையும் எழுதிக்கொண்டது. டாட்டர்ஸல் அசையவில்லை. அவருடைய கழுத்து மட்டும் மெல்லச் சிவந்துகொண்டே போயிற்று. நாரிஸ் கூண்டிலிருந்து இறங்கி நடந்தபோது, டிப்போக்காரர்கள் முழங்கால்களை ஒதுக்கி அவருக்கு வழி விட்டார்கள். தேவைக்கு அதிகமாகவே ஒதுக்கினார்கள். வில்ஃபின் நாற்காலி காலியாக இருந்தது.

மூன்று மணிக்கு முடிவு வந்தது. ஓட்டுநர் மேல் குற்றமில்லை. ஆவணங்களைப் போலீஸுக்கு அனுப்பச் சொல்லி விசாரணை அதிகாரி உத்தரவு போட்டார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போலீஸ் நிலையத்துக்கு வரும்படி ஒரு சார்ஜென்ட் நாரிஸிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

படிக்கட்டின் அடியில் ஆர்னல்ட் நின்றிருந்தார். தூறிக்கொண்டிருந்தது. அவர் தொப்பியைக் கையில் வைத்திருந்தார், போட்டுக்கொள்ளத் தோன்றாதவர் போல.

"என் வீட்டுக்கு வந்தியே," என்றார். "அன்னிக்கே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"நாற்காலிக் கால நான் இழுத்துக் காட்டினப்பவும்?"

"ஆமா ஆர்னல்ட்."

"நீ போனப்புறம் ஹில்டா எறங்கி வந்தா. நாரிஸ் வந்துட்டுப் போனான், மனுசன்னா அவன்தான்னு சொன்னேன்."

நாரிஸ் தலையைக் குனிந்துகொண்டார். நான் செய்தது ஒரு... என்று தொடங்க நினைத்தார். கொத்துக்கறி, நாய், பன்றி என்று பழகிய பெயர்கள் எல்லாம் தாமாக வரிசையில் வந்து நின்றன. ஒன்றைக்கூட அவரால் வாயில் எடுக்க முடியவில்லை.

"நீ இழுத்தே," என்றார் கடைசியில். "அதத் தெரிஞ்சுக்க. பிரேக்க நீ சரியா இழுத்தே. அது புடிச்சுது. அதுக்கப்புறந்தான் ஆணி போச்சு. ஒம்மேல எதுவும் இல்ல."

ஆர்னல்ட் அதைக் கவனமாகக் கேட்டார். புது வழித்தடத்தை மனப்பாடம் செய்பவர் போல, உதடுகள் லேசாக அசைந்தன. பிறகு தலையை அசைத்தார்.

"நீ சொல்றே. ஜூரியும் சொல்லிட்டாங்க. இழுத்திருப்பேன்தான்." அவர் தம் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். மழைத்துளிகள் அதில் விழுந்தன. "ஆனா எனக்கு இன்னும் ஞாபகம் வரல நாரிஸ். அஞ்சு வாரமா தேடித் தேடி, இருந்ததையும் தேச்சு அழிச்சுட்டேன் போல. இனிமே வராது."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். எதிரே பஸ் நிறுத்தத்தில் அவர் வீட்டுப் பக்கம் போகும் வண்டி ஒன்று நின்றிருந்தது. ஓட்டுநர் அவரை அடையாளம் கண்டு கதவைத் திறந்து கையசைத்தார். ஆர்னல்ட் அதில் ஏறவில்லை. வண்டிக்கு முன்புறமாகச் சாலையைக் கடக்காமல், வெகுதூரம் பின்னால் சுற்றிப் போய்க் கடந்து, மழையில் நடந்தே போனார்.